மகசின் வெறுமையோ?

1

நேற்று ஜூலை முதலாம் திகதி. கனடாவின் இந்த மொன்றியலில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்கு முதல்நாளோடு முடிகின்றன. ஆகவே நகரத்தில் பாதிச் சனம் ஒரே நாளில் வீடு மாறுகிறது. எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருவில் ஒரு பக்க நடைபாதையில் மட்டும் பதினொரு மெத்தைகள் கிடந்தன. மறுபக்கத்தை எண்ணவில்லை, மணம் கிட்டப் போக விடவில்லை. ஒவ்வொரு மெத்தையிலும் யாரோ ஒருவருடைய உடம்பு மஞ்சளாகப் பதிந்திருந்தது. நன்றாக உடுத்த ஒரு பெண் காரை நிறுத்தி இறங்கினாள். ஒரு மெத்தையைக் குனிந்து மணந்து பார்த்தாள். பிறகு அதைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போனாள்.

பாவித்த பொருள் என்றாலே எனக்குக் குமட்டும். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அது மாறவில்லை. அப்படிப்பட்ட நான் இந்த ஏப்ரலில் பாவித்த பிஸ்டல் ஒன்றை வாங்கப் போனேன். மெத்தைகளைக் கண்ட குமட்டல் அடங்குவதற்குள் அதையும் எழுதிவிடுகிறேன்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் திடுக்கிட வேண்டாம். நான் வவுனியாவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தவன். மண்வெட்டி, அலவாங்கு, சீமெந்துப் பை எல்லாவற்றையும் காலையும் மாலையும் எண்ணுவதுதான் வேலை. பாறை உடைக்கும் வெடிமருந்துக்குத் தனியாக ஒரு சீமெந்து அறை இருந்தது. அந்த அறையை நாங்கள் மகசின் என்போம். அதன் பூட்டுத் திறப்பும் என்னிடம்தான். இங்கே வந்த பிறகு எண்ணத் தெரிந்தவன் என்பதற்காகவோ என்னவோ, கடைகளின் காசை வங்கிக்குக் கொண்டுபோகும் வாகனத்தில் காவலாளி வேலை கிடைத்தது. இடுப்பில் கட்ட ஒரு ரிவோல்வர் தந்தார்கள். நான் ஓய்வு பெற்ற காலத்தில் கம்பனி பிஸ்டலுக்கு மாறியது. பழைய ரிவோல்வர்களை லைசன்ஸ் உள்ள வேலையாட்களுக்கே விற்றுவிட்டது. அப்படித்தான் என்னுடையது என்னிடம் தங்கியது. அதை நான் பாவித்த பொருளாக நினைக்கவில்லை, ஏனென்றால் பாவித்தவன் நான்.

ரிவோல்வர் ஒளிவுமறைவில்லாத சாமான். உருளையை வெளியே தள்ளினால் ஆறு துளை. வெளிச்சத்தில் பிடித்தால் ஆறிலும் வானம் தெரியும். தெரிந்தால் வெறுமை, தெரியாவிட்டால் வெறுமை இல்லை. ஒரு களஞ்சியக்காரனுக்கு இதைவிட நிம்மதி கிடையாது.

சனிக்கிழமை காலையில் அதைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு சுடும் கழகத்துக்குப் போவேன். ஒரு கட்டடத்தின் நிலக்கீழ்த் தளம். கடதாசி வட்டங்களுக்குச் சுட்டுவிட்டு, தண்ணீர்க் கோப்பி ஒன்றைக் குடித்துவிட்டு வருவேன். அங்கே வருகிற கிழவர்கள் வானிலையைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் மட்டும் கதைப்பார்கள். எங்கள் ஆட்களின் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய், "அண்ணை, நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாதக் கடைசியில் ஊரிலுள்ள இயக்கத்துக்கென்று உண்டியலோடு கதவைத் தட்டுபவர்களும் உண்டு. கழகத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. இந்த நகரத்தில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

2

போன மாரிக் குளிரில் வலது கைச் சுட்டுவிரல் மடங்க மறுத்தது. மூட்டுவாதம் என்றார் டொக்டர். ரிவோல்வரின் விசை கனமானது. ஆறாவது வெடிக்குள் கை நடுங்கி, அடுத்தவருடைய கடதாசியில் ஓட்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டு "நன்றி" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

லேசான விசையுள்ள சின்ன பிஸ்டல்தான் வழி என்று கழகத்தில் சொன்னார்கள். அறிவித்தல் பலகையில் ஒரு துண்டும் தொங்கியது. மார்செல் என்ற பழைய உறுப்பினர் முழங்கால் நோவால் வருவதை நிறுத்திவிட்டு, தன் பிஸ்டலை விற்கிறார். சிறிய ரவை, அதாவது தோட்டா, தானாக ஏறும், சுட்டபின் வெறும் பித்தளைக் கோதைத் தானே வெளியே எறியும். எனக்கு அந்த எறிகிற பழக்கமே பிடிக்காது. சுடுகிறவன் நிமிர்ந்து நிற்க, கோது போய் யாரோ ஒருவரின் சட்டைக்குள் விழும். பிறகு கிழவர்கள் எல்லாரும் தரையில் தவழ்ந்து பொறுக்க வேண்டும்.

அதைவிடப் பிடிக்காதது வேறொன்று. பிஸ்டலில் ரவைகளை அடுக்கும் கூட்டுக்கு மகசின் என்று பெயர். மகசினைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒரு ரவை நிற்கக்கூடும். வெளியே தெரியாது. மேலுள்ள இரும்பை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். கணக்கில் ஒன்றை ஒளித்து வைக்கிற சாமானை நான் எந்தக் களஞ்சியத்திலும் ஏற்றிருக்க மாட்டேன்.

மனைவி தவமணியிடம் சொன்னேன்.

"பிஸ்டலோ?" என்றாள். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஓம். சின்னது. கடதாசிக்குச் சுடுறது."

"ரிவோல்வர் கிடக்குத்தானே."

"விரல் இழுக்குதில்லை, தவம். உமக்குத் தெரியும்தானே."

"இழுக்காட்டி விடுங்கோவன். எனக்கும்தான் முழங்கால் மடங்குதில்லை. நான் ஆரிட்டயும் பாவிச்ச முழங்கால் கேட்டனானோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் பிள்ளையிட்டப் போயிடுவன். வெருட்டேல்லை. சொல்லுறன்."

அவளுடைய தம்பி செல்வத்தை ஊரில் பிஸ்டலால் சுட்டார்கள். உபதபாலதிபராக இருந்தவன். நான் இங்கே வந்து ஒரு மாரி முடிந்த நேரம். எந்தப் பக்கத்து இயக்கப் பெடியள் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் இங்கேயும் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார், அதற்கு வயதோ தூரமோ தடையில்லை. தவமணி பிறகு மகளோடு வந்து சேர்ந்தாள். "சுட்டுப்போட்டாங்கள்" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் ரிவோல்வரை அவள் வேலைச் சாமானாகப் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் தருவதுபோல அதன் பெட்டியையும் எடுத்துத் தந்திருக்கிறாள். பிஸ்டல் என்ற சொல் மட்டும் அவளுக்கு வேறாக இருந்தது.

மகள் சுகந்தி புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பெரிய வீட்டில் இருக்கிறாள். தாய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அன்றிரவே தொலைபேசியில் வந்தாள்.

"அப்பா, உங்களுக்கென்ன விசரோ? எங்கட வீட்டுக்குப் பக்கத்தில முருகன் கோயில் கிடக்கு. வயசு போன ஆக்கள் எல்லாம் அங்க வந்து போகினம்."

"அங்க வாற ஆக்களாலதான் நான் வாறேல்லை."

"பிள்ளையளையாவது யோசியுங்கோ."

பேரப்பிள்ளைகளை யோசித்தேன். இரண்டு பேர். என்னை "பாப்பி" என்பார்கள், பிரெஞ்சில் தாத்தா என்று அர்த்தம். பாண் வாங்கி வா என்றாலும் அவர்களுக்குப் பிரெஞ்சில்தான் விளங்கும். என் பிரெஞ்சைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். பெரியவள் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் எங்கள் பாப்பியிடம் துவக்கு இருக்கிறது என்று சொல்லிவிட, ஆசிரியை மகளைக் கூப்பிட்டு விசாரித்தாள். துவக்கைப் பூட்டி வைத்த முறையை நான் விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். மகள் அதைக் கொடுக்கவே இல்லை.

3

இந்த நாட்டில் ஒருவரின் பிஸ்டல் இன்னொருவரிடம் போக அரசாங்கம் சம்மதிக்க வேண்டும். எல்லாம் தொலைபேசியில். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று இரண்டு மொழிகளில் மாறி மாறிப் பொய் சொன்னார்கள். கடைசியில் ஒரு மனிதக் குரல் என் குடும்பப் பெயரைக் கேட்டது.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம். அதை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "எஸ், சிமோனுக்கு வருகிற எஸ்ஸா?" என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கிறிஸ்தவப் பெயரை அவள் கேட்டாள். முடிவில், "சரி, மிஸ்டர் சின்னத்துரை, துவக்கு உங்கள் பெயரில் மாற்றப்படும்" என்றாள். சின்னத்துரை என்னுடைய ஐயா. மூட்டைப்பூச்சியையும் நசுக்காமல் ஒரு சிரட்டையில் போட்டு வெளியே கொண்டுபோய் விட்டவர். அவர் பெயரில் ஒரு பிஸ்டல்.

அனுமதி வந்தது. பொருள் கைமாறும் அன்று இன்னொரு தடவை அழைத்து உறுதி சொல்ல வேண்டும். சொல்லாதவரை அது மார்செலுடையது. மார்செல் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் என் கையிலிருந்த அனுமதிக் கடிதத்தைத் தவமணி கண்டாள். பெட்டி கட்டத் தொடங்குவாள் என்று பயந்தேன். அவள் மேற்சட்டையை எடுத்துப் போட்டாள்.

"நானும் வாறன்."

"நீர் ஏன்?"

"பாத்தாத்தானே தெரியும், அதோட ஒரு வீட்டுக்குள்ள இருக்கேலுமோ எண்டு. உங்கட பிரெஞ்சும் எனக்குத் தெரியும்."

அந்தக் கடைசிச் சொல் தேவையில்லாதது. ஆனால் உண்மை. அவள் தையல் தொழிற்சாலையில் இந்த ஊர்ப் பெண்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்தவள். இலக்கணம் சுத்தமாக இல்லை, ஆனால் யார் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் விளங்கும்.

4

மார்செலின் வீடு அஹுன்ட்சிக்கில். கீழே இறங்கும் படியிலேயே மணம் வந்து முகத்தில் அடித்தது: ஈர நாய், பழைய எண்ணெய், பூசணம். தரையில் வெறும் பியர்ப் போத்தல்கள், நான்கு பெட்டிகள் நிறைய. ஒரு கிழட்டு நாய் சோபாவில் படுத்திருந்தது. அது படுத்திருந்த துவாயாலேயே மார்செல் கையைத் துடைத்துவிட்டு எனக்குக் கை தந்தார். தந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். தவமணி படியின் நடுவில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் நாய் மயிர். பிஸ்டலின் பிடியில் சுற்றியிருந்த நாடா அவருடைய வியர்வை ஊறிக் கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டியது. பிடியின் அடியில் மகசின் செருகியபடியே இருந்தது.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மகசின் வெறுமையோ? அதைப் பிரெஞ்சில் நானே கேட்க விரும்பினேன். படியில் நிற்பவளுக்கும் கேட்கட்டும் என்று. மகசினுக்குப் பிரெஞ்சுச் சொல்லை நான் தேடவே இல்லை. தெருவெல்லாம் "மகசான்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடை என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். வவுனியாவில் வெடிமருந்து வைத்த அறையும் மகசின், கொழும்பில் ஒரு சிறையும் மகசின், வாராவாரம் வரும் சஞ்சிகையும் மகசின். சாமான் அடுக்குகிற எல்லாவற்றுக்கும் அது ஒரே சொல்தான் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ரவையும் உப்புமாவுக்கும் துவக்குக்கும் பொதுவானதுதானே.

"மகசான் வீட்?" என்றேன். வீட் என்றால் வெறுமை.

மார்செலின் முகம் தொங்கியது. கதிரையில் இருந்தார்.

"ஆ, வீட்," என்றார். "வீட், வீட், வீட்." மூன்று விரலைக் காட்டினார். மூன்று வருடம்.

மூன்று வருடமாக வெறுமையாகவே வைத்திருக்கிறார்! இந்த நாற்றத்துக்குள்ளும் ஒழுங்கு தெரிந்த மனிதன் என்று எனக்கு அவரில் ஒரு மதிப்பு வந்தது. "த்ரே பியான்!" என்றேன். மிகவும் நல்லது.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். அதில் "மா ஃபாம்", என் மனைவி, என்பது மட்டும் பிடிபட்டது. மனைவிக்குப் பயம், அதனால்தான் வெறுமையாக வைத்தேன் என்கிறார் போலும்.

"மா ஃபாம் ஓசி," என்றேன். என் மனைவியும் அப்படித்தான்.

மார்செல் படியில் நின்ற தவமணியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு இரக்கம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

யார் என்ன சொன்னாலும் நானே பார்க்காமல் விடுகிறவன் அல்ல. குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி மகசினைக் கழற்றினேன். அடிவரை வெறுமைதான். பிறகு மேல் இரும்பை இழுத்தேன். விரல்கள் இரண்டு தடவை வழுக்கின. மூன்றாம் தடவை இரும்பு பின்னால் வந்தது. உள்ளேயிருந்து ஒரு ரவை துள்ளிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. சுடாத முழு ரவை. உருண்டு போய்ப் படியின் அடியில் நின்றது.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

"ஆ பென்," என்றார் மார்செல். ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது என்று தோளைக் குலுக்கினார். போத்தலில் கடைசி மிடறு மிச்சம் இருந்ததுபோல. மூன்று வருடம் இந்தக் குப்பைக்குள், அந்த நாய்க்குப் பக்கத்தில், ரவை ஏறிய பிஸ்டல். 

"வெறுமை எண்டு சொன்னவர்!" என்று தவமணியைப் பார்த்துக் கத்தினேன்.

"அவர் தன்ர கடையைச் சொன்னவர்," என்றாள். குரல் தட்டையாக இருந்தது.

"எந்தக் கடை?"

"மேல, முன்பக்கம். தூண்டில் வித்த கடையாம். மூண்டு வருசமா வெறுமையாக் கிடக்குதாம். மனிசியும் விட்டிட்டுப் போட்டாவாம். நீங்கள் அதுக்கு 'நல்லது, நல்லது' எண்டுறியள். என்ர மனிசியும் போட்டா எண்டுறியள்."

இன்னொரு நாளில் இதற்கு நாங்கள் இருவரும் ஒரு கிழமை சிரித்திருப்போம். அவள் இறங்கி, படியடியில் கிடந்த ரவையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மார்செலிடம் நீட்டினாள். எனக்குச் சொன்னாள்:

"வாங்கோ, போவம்."

நாளை பேசுகிறேன் என்று மார்செலுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த வெறும் கடைக் கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் மீன் வெயிலில் வெளிறித் தொங்கியது. வரும்போது அதை நான் பார்த்ததாகவே ஞாபகமில்லை.

5

மெட்ரோவில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. நான் மார்செலைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாடாவைப் பிரித்தெறிந்து, பெட்டியை மாற்றி, ஸ்பிரிற்றால் துடைத்தால் பாவிக்கலாம் என்றும் சொன்னேன். சனிக்கிழமைகளை நான் இன்னும் விடவில்லை.

"செல்வத்துக்கும் அப்பிடித்தான்," என்றாள்.

"என்ன அப்பிடி?"

"வீட்டுப் படலையடியில ரெண்டு பெடியள் சைக்கிளில. ஒருத்தன் பிஸ்டலை இழுத்து எடுக்கேக்க, அந்த மகசின் கழண்டு நிலத்தில விழுந்திட்டுது. அவனுக்குக் கை நடுக்கம். சின்னப் பெடியன். நான் வாசல்ல நிண்டு பாக்கிறன். எனக்குச் சீவன் வந்திட்டுது. இனி ஒண்டும் செய்யேலாது, போகப் போறாங்கள் எண்டு."

வண்டி ஒரு நிலையத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவள் கதவு மூடும்வரை காத்திருந்தாள்.

"செல்வமும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறான். சிரிச்சவன். 'தம்பி, விழுந்திட்டுது' எண்டு குனிஞ்சு எடுத்தவன். அவனிட்டக் குடுக்க."

நான் மடியிலிருந்த அனுமதிக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"உள்ளுக்கு ஒண்டு நிண்டிருக்கு."

வில்லா-மரியாவில் இறங்கி, நகரும் படியில் ஏறும்போது எனக்கு முன்படியில் நின்றபடி, திரும்பாமல் சொன்னாள்:

"நீங்கள் பூட்டுவியள், எண்ணுவியள், எல்லாம் சரியாத்தான் செய்வியள். நீங்கள் எண்ணி முடிய நான் எண்ணுவன். உங்களுக்கு ஆறு எண்டா ஆறு. எனக்கு எண்ணி முடியாது. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டுதான் இருப்பன்."

மகளிடம் போவதைப் பற்றி அவள் அன்று பேசவே இல்லை.

6

மறுநாள் காலையில் மார்செலுக்குச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. படியில் நின்றவளை யாரென்று எடுத்தாரோ, உங்கள் மனைவி திரும்பி வந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஏதோ சொன்னார். பிறகு அரசாங்கத்துக்கு அழைத்தேன். ஒன்றை அழுத்தி, நாலை அழுத்தி, கோப்பி ஆறி ஆடை படிந்த பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. ஆங்கிலம் கதைக்கும் அலுவலர் மதியத்துக்குப் பிறகுதான் வருவாராம். பிரெஞ்சிலேயே சொன்னேன்: வேண்டாம், வாங்கவில்லை, நிறுத்துங்கள்.

அவன் காரணம் கேட்டான். ஒரு காரணத்தை எழுதாமல் கோப்பினை மூட முடியாதாம்.

என்னிடம் ஒரு படலையும் ஒரு சைக்கிளும் குனிந்த ஒரு மனிதனும் இருந்தார்கள். அவர்களைச் சொல்லப் பிரெஞ்சு இல்லை. அவள் எண்ணிக்கொண்டே இருப்பாள் என்பதையாவது சொல்வோம் என்று பார்த்தேன். எண்ணுவதற்குச் சொல் தெரியும். காசு எண்ணும் இடத்தில் வருடக்கணக்காகக் கேட்ட சொல்.

"மா ஃபாம்," என்றேன். "எல் கோந்த்." என் மனைவி, அவள் எண்ணுகிறாள்.

 பிறகு அவன், அதுவரை இல்லாத மரியாதையோடு, "செ போ, மெஸ்யு," என்றான். நல்லது ஐயா. தட்டச்சுச் சத்தம் கேட்டது. முடிந்தது.

சனிக்கிழமைகளில் இப்போதும் ரிவோல்வரோடு போகிறேன். ஆறைச் சுட்டால் கை ஓய்ந்துவிடுகிறது. பிறகு கோப்பிதான். அந்தக் கோப்பி முன்னைவிட மோசமாகிவிட்டது.

சுகந்தி வந்தபோது இதைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்த தவமணி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பிரெஞ்சில அப்பிடிச் சொன்னா, அவ முக்கியமான ஆள் எண்டு அர்த்தம். அம்மா உங்களுக்கு எவ்வளவு முக்கியம் எண்டு அரசாங்கத்துக்கே சொல்லியிருக்கிறியள்!"

"ஆருக்கு? என்னத்தைச் சொன்னவர்?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

எனக்கு முகம் எரிந்தது. நான் சொன்னது அது இல்லை. ஒரு பொறுப்பான அலுவலகத்தின் கோப்பில் காரணம் பிழையாகக் கிடக்கிறது. ஆனால் அதைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடியும் ஒன்றை அழுத்தி, நாலை அழுத்த வேண்டும். கிடக்கட்டும்.